கம்ப்யூட்டரை மாற்றுகிறீர்களா? ‘ஆபீஸ்’ கூட வருமா?

காசு கொடுத்து வாங்கிய சாப்ட்வேரைப் புது எந்திரத்துக்குக் கொண்டு போகும் வழி

வீடு மாறுகிறோம். பீரோ, கட்டில், பாத்திரம், பண்டம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றுகிறோம். புது வீட்டில் இறக்குகிறோம். வேலை முடிந்தது.

ஆனால் சமையல் கியாஸ் இணைப்பை அப்படி வண்டியில் ஏற்றிவிட முடியாது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனால் மட்டும் போதாது. ஏஜென்சிக்குப் போக வேண்டும். முகவரி மாற்றம் எழுதிக் கொடுக்க வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று அங்கே முதலில் கேட்பார்கள்.

கம்ப்யூட்டர் மாற்றும்போதும் இதே கதைதான்!

நாம் அடித்து வைத்த கடிதம், போட்டு வைத்த கணக்கு, சேர்த்து வைத்த படம் எல்லாம் பீரோ, கட்டில் மாதிரி. பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். ஆனால் அந்தக் கடிதத்தை அடிக்க உதவும் ‘வேர்டு’, கணக்குப் போட உதவும் ‘எக்செல்’ ஆகியவை கியாஸ் இணைப்பு மாதிரி. அவற்றுக்கு லைசென்சு உண்டு. அந்த லைசென்சு முறைப்படி மாறினால்தான் புதுக் கம்ப்யூட்டரில் வேலை நடக்கும்.

இது தெரியாமல் ஒரே சாப்ட்வேருக்கு இரண்டு தடவை பணம் கட்டுகிறவர்கள் உண்டு. கட்டத் தேவை இல்லாமலே கட்டுகிறவர்களும் உண்டு!

ஏன் இந்தப் பேச்சு?

இப்போது பல வீடுகளிலும் கடைகளிலும் கம்ப்யூட்டர் மாற்றுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு.

‘விண்டோஸ் 10’ என்ற சாப்ட்வேருக்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்பு உதவியை, 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி முடித்துக்கொண்டது. ‘ஆபீஸ் 2016’, ‘ஆபீஸ் 2019’ ஆகிய இரண்டுக்கும் அதே நாளில் உதவி முடிந்தது.

அடுத்து வந்த ‘விண்டோஸ் 11’ எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடாது. ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்பு வசதி எந்திரத்துக்குள் இருக்க வேண்டும். பல பழைய எந்திரங்களில் அது இல்லை. ஆகவே, எந்திரத்தையே மாற்றும் நிலை பலருக்கு வந்தது.

புது எந்திரம் வந்துவிடுகிறது. பெட்டியைப் பிரிக்கிறார்கள். பூ வைத்து, பொட்டு வைத்து, சுவிட்சைப் போடுகிறார்கள். பிறகுதான் கேள்வி வருகிறது: “நம்முடைய ‘வேர்டு’ எங்கே?”

வாங்கியது என்ன?

கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து ‘ஆபீஸ்’ வாங்குகிறோம். ‘வேர்டு’, ‘எக்செல்’, ‘பவர்பாயிண்டு’ எல்லாம் சேர்ந்ததுதான் ‘ஆபீஸ்’. ரசீது தருகிறார்கள். அப்படியானால் அது நம் சொத்துதானே?

இல்லை!

சினிமா டிக்கெட் வாங்குகிறோம். படம் நமக்குச் சொந்தமாகி விடுகிறதா? இல்லை. உட்கார்ந்து பார்க்க அனுமதிதான் கிடைக்கிறது. சாப்ட்வேரும் அப்படித்தான். உபயோகிக்கும் அனுமதியைத்தான் நாம் வாங்குகிறோம். அந்த அனுமதிக்குத்தான் லைசென்சு என்று பெயர்.

அதனால்தான், பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் ‘ஆபீஸ்’ போல்டரை அப்படியே நகல் எடுத்துப் புதியதில் போட்டால் அது வேலை செய்வதில்லை. ‘ஆபீஸ்’ ஒரே இடத்தில் இருப்பது அல்ல. விண்டோசின் பல மூலைகளில் தன் குறிப்புகளை எழுதி வைத்திருக்கும். நகல் எடுக்கும்போது அந்தக் குறிப்புகள் வருவதில்லை. அனுமதியும் வருவதில்லை.

பூட்டு வந்த கதை

இந்தப் பூட்டு எப்படி வந்தது? அது ஒரு சுவையான கதை.

1976-ம் ஆண்டு. மைக்ரோசாப்ட் கம்பெனி தொடங்கி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான பில் கேட்சுக்கு அப்போது வயது 20. அவர் கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். “நாங்கள் உழைத்துச் செய்த சாப்ட்வேரைப் பெரும்பாலோர் பணம் கொடுக்காமல் நகல் எடுத்துக்கொள்கிறீர்கள்” என்பது அவருடைய குறை. கடிதத்தைப் படித்துப் பலர் கோபப்பட்டார்கள்.

1983-ல் ‘லோட்டஸ் 1-2-3’ என்ற கணக்கு சாப்ட்வேர் அமெரிக்காவில் வந்தது. அமோகமாக விற்றது. அதில் ஒரு தந்திரம் வைத்தார்கள். கம்பெனி கொடுத்த அசல் பிளாப்பி தட்டைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் அது திறக்கும். நகல் தட்டுக்குத் திறக்காது.

இதனால் திருடனுக்கு மட்டுமா தொல்லை? பணம் கொடுத்து வாங்கியவனுக்கும் தொல்லைதான். அசல் தட்டு கெட்டுப்போனால் வேலை நின்றுவிடும்! வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். 1980-களின் கடைசியில் அந்தக் கம்பெனி இந்தப் பூட்டைக் கைவிட்டது.

‘மைக்ரோசாப்ட் ஆபீஸ்’ 1989-ல் ஆப்பிள் கம்பெனியின் ‘மக்கின்டோஷ்’ கம்ப்யூட்டருக்கும், 1990-ல் விண்டோசுக்கும் வந்தது. 2001-ல் வந்த ‘ஆபீஸ் எக்ஸ்.பி.’யில் புதிய பூட்டு ஒன்றைப் போட்டார்கள். அதன் பெயர் ‘ஆக்டிவேஷன்’.

இதில் தட்டு தேவை இல்லை. 25 எழுத்துகள் கொண்ட ஒரு சாவி எண் உண்டு. ஐந்து ஐந்தாகப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். உடனே கம்ப்யூட்டர், தன்னுள் இருக்கும் பாகங்களை வைத்து ஓர் அடையாள எண்ணை உண்டாக்கும். சாவி எண்ணும் அடையாள எண்ணும் இன்டர்நெட் வழியாகக் கம்பெனிக்குப் போகும். “இந்தச் சாவி இந்த எந்திரத்துக்கு” என்று அங்கே பதிவாகிவிடும்.

அதே சாவியைப் புது எந்திரத்தில் போட்டால் அடையாளம் மாறும். “இது வேறு எந்திரம் ஆயிற்றே?” என்று கேள்வி வரும். இன்றைய தலைவலிக்குப் பிறந்த இடம் இதுதான்.

நாலு வகை லைசென்சு

லைசென்சு எல்லாம் ஒன்று அல்ல. நாலு வகை உண்டு. நம்முடையது எந்த வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, எந்திரத்தோடு வந்தது. லேப்டாப் வாங்கும்போதே “உள்ளே ‘ஆபீஸ்’ இருக்கிறது” என்று சொல்லிக் கொடுப்பார்கள். இது தென்னந்தோப்போடு சேர்த்து விற்ற கிணறு மாதிரி. கிணற்றைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அந்த லேப்டாப்போடு அந்த லைசென்சும் முடிந்துவிடும். லேப்டாப்பை வேறொருவருக்கு விற்றால் லைசென்சும் அவருக்குப் போகும்.

“லைப்டைம்” என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். யாருடைய ஆயுள்? நம்முடைய ஆயுள் அல்ல. அந்த எந்திரத்தின் ஆயுள்!

இரண்டாவது வகை, தனியாக வாங்கியது. அட்டைப் பெட்டியிலோ, சாவி எண் அச்சிட்ட அட்டையாகவோ கிடைக்கும். ஒரு தடவைதான் பணம். இதை நம்முடைய இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழையதிலிருந்து நீக்கிவிட வேண்டும். 90 நாளைக்கு ஒரு தடவைதான் மாற்றலாம். எந்திரம் பழுதாகிவிட்டால் இந்த 90 நாள் கணக்கு இல்லை.

மூன்றாவது வகை, சந்தா கட்டுவது. ‘மைக்ரோசாப்ட் 365’ என்று பெயர். மாதமோ வருடமோ பணம் கட்ட வேண்டும். இதில் மாற்றுவது மிக எளிது. லைசென்சு ஆளோடு போகிறது, எந்திரத்தோடு அல்ல. ஒருவர் ஒரே சமயத்தில் 5 கருவிகளில் உபயோகிக்கலாம். குடும்பச் சந்தா என்றால் 6 பேர் வரை சேரலாம். ஆனால் பணம் கட்டுவதை நிறுத்தினால் எழுதும் உரிமையும் நின்றுவிடும். பழைய கடிதங்களைப் படிக்கத்தான் முடியும்.

நான்காவது வகை, கம்பெனியோ கல்லூரியோ மொத்தமாக வாங்கியது. இது நம்முடையதே அல்ல. வேலையை விட்டாலோ, படிப்பு முடிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போக நினைப்பது, ஆபீசு நாற்காலியை வீட்டுக்குத் தூக்கிப் போவது போல!

மக்கள் கேட்டார்கள்; கம்பெனி மாறியது

இரண்டாவது வகையில் சொன்ன ‘90 நாள்’ விதி சும்மா வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது.

2013-ம் ஆண்டு தொடக்கத்தில் ‘ஆபீஸ் 2013’ விற்பனைக்கு வந்தது. அதன் விதிகளைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். தனியாகக் கடையில் வாங்கினாலும், எந்தக் கம்ப்யூட்டரில் முதலில் போடுகிறோமோ அதோடு சரி. அந்த எந்திரம் வீணாகிப் போனால் ‘ஆபீசும்’ போயிற்று!

அதற்கு முந்தி வந்த ‘ஆபீஸ் 2010’-ஐத் தனியாக வாங்கியவர்கள் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடிந்தது. இப்போது மட்டும் ஏன் இப்படி என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்தது.

சில வாரங்களில் மைக்ரோசாப்ட் இறங்கி வந்தது. 2013 மார்ச்சு மாதம் விதியை மாற்றியது. 90 நாளைக்கு ஒரு தடவை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தது.

விதிகளை யாரும் படிப்பதில்லை என்பார்கள். சிலராவது படித்தார்கள். அதனால் எல்லோருக்கும் நன்மை கிடைத்தது.

ஐரோப்பாவில் இதே போன்ற ஒரு விவகாரம் கோர்ட்டுக்கே போனது. ஆரக்கிள் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கும், யூஸ்டுசாப்ட் என்ற ஜெர்மன் வியாபாரிக்கும் வழக்கு. ஒருவர் வாங்கி உபயோகித்த சாப்ட்வேர் லைசென்சை இன்னொருவருக்கு விற்கலாமா என்பது கேள்வி.

2012 ஜூலை 3-ந் தேதி ஐரோப்பிய யூனியனின் உயர்ந்த கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. காலவரையறை இல்லாமல், மொத்தப் பணமும் கொடுத்து வாங்கிய லைசென்சை விற்கலாம். ஆனால் விற்பவர் தன் கம்ப்யூட்டரில் இருப்பதை உபயோகிக்க முடியாதபடி செய்துவிட வேண்டும். அதாவது, கொடுத்த பொருளைத் தானும் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் தீர்ப்பு ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குத்தான் செல்லும்.

கணக்கு யார் பெயரில்?

இதுதான் மிக முக்கியமான இடம். பலர் ஏமாறும் இடமும் இதுதான்.

‘ஆபீஸ் 2013’-க்குப் பிறகு வந்தவற்றில் அந்த 25 எழுத்துச் சாவியை ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒரு மைக்ரோசாப்ட் கணக்கில் நுழையச் சொல்லும். நம் இ-மெயில் முகவரிதான் அந்தக் கணக்கு. சாவி அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தச் சாவிக்கு வேலை இல்லை. மறுபடி வேறு கணக்கில் அடித்தால், “இந்தச் சாவி முன்பே உபயோகிக்கப்பட்டுவிட்டது” என்று சொல்லிவிடும்.

ஆகவே சாவி அச்சிட்ட அட்டை பத்திரப் பதிவுக்கு முந்திய முத்திரைத்தாள் மாதிரி. பதிவு ஆனபின், யார் பெயரில் பதிவோ அவருக்கே சொந்தம்.

தாலுகா ஆபீசு எதிரே மனு அடித்துக் கொடுக்கும் ஒரு சிறிய கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையை நடத்துவது ஒரு பெண். கம்ப்யூட்டர் வாங்கிய நாளில் கடைக்கார மெக்கானிக் வந்து எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ‘ஆபீஸ்’ போடும்போது இ-மெயில் கேட்டது. “உங்களுக்கு எதுக்கு அக்கா சிரமம்?” என்று அவர் தன்னுடைய இ-மெயிலையே அடித்துவிட்டார்.

நாலு வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. புதிது வாங்கியாயிற்று. வாசலில் பட்டா மனு அடிக்க எட்டுப் பேர் நிற்கிறார்கள். வேறொரு மெக்கானிக் வந்து பார்க்கிறார்.

“அக்கா, பழைய ‘ஆபீஸ்’ எந்த மெயில்ல இருக்கு?”

“அதெல்லாம் தெரியாது தம்பி. காசு கொடுத்த ரசீது இருக்கு, பாரு.”

“காசு கொடுத்தது நீங்கதான் அக்கா. ஆனா கணக்கு அவர் பெயர்ல இருக்கே!”

முதல் மெக்கானிக் ஊரை விட்டுப் போய்விட்டார். போன் நம்பரையும் மாற்றிவிட்டார். கையில் ரசீது இருக்கிறது, லைசென்சு இல்லை. அன்றைய வருமானமும் இல்லை.

யாரும் திருடவில்லை. யாரும் மோசம் செய்ய நினைக்கவும் இல்லை. உதவி செய்ய வந்தவர் தன் பெயரைப் போட்டார். அவ்வளவுதான்!

நம் பெயரில் கணக்கு இருந்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. பாஸ்வேர்டு மறந்துபோயிருக்கும். “உங்கள் போனுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம்” என்று கம்ப்யூட்டர் சொல்லும். அந்த போன் நம்பரோ மூன்று வருடத்துக்கு முன் கைவிட்ட நம்பராக இருக்கும்!

எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

‘வேர்டு’ திறக்கவும். மேலே இடது மூலையில் ‘பைல்’ என்று இருக்கும். அதை அழுத்தவும். அதில் ‘அக்கவுண்ட்’ என்று இருக்கும். அதையும் அழுத்தவும்.

அங்கே ‘ஆபீசின்’ முழுப் பெயர் தெரியும். ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்று எழுதியிருந்தால் அது சந்தா வகை. ‘ஹோம் அண்டு பிசினஸ்’, ‘ஹோம் அண்டு ஸ்டூடண்ட்’ என்ற பெயரும் 2019, 2021 போன்ற ஆண்டும் இருந்தால் அது ஒரு தடவை பணம் கட்டிய வகை.

‘பிலாங்ஸ் டு’ என்று எழுதி ஓர் இ-மெயில் முகவரி இருந்தால், அதுதான் உரிமையாளர் கணக்கு. அது உங்கள் முகவரிதானா என்று பாருங்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வாங்கிய ரசீதை எடுங்கள். ‘ஆபீசுக்கு’ என்று தனியாக விலை போட்டிருக்கிறதா? அல்லது எந்திர விலையிலேயே அடக்கமா? தனி விலை, தனி அட்டை என்றால் மாற்றலாம். அடக்கம் என்றால் பெரும்பாலும் அது எந்திரத்தோடு ஒட்டியது.

‘ஹோம் அண்டு ஸ்டூடண்ட்’ என்று இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்கும் படிப்புக்கும்தான் அந்த லைசென்சு. கடைத் தொழிலுக்கு அது செல்லாது.

மாற்றும் முறை

இனி விஷயத்துக்கு வருவோம். தனியாக வாங்கிய ‘ஆபீசை’ மாற்றும் முறை இது:

1. புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்றே பழையதை விற்றுவிடாதீர்கள். இரண்டு வாரமாவது கூடவே இருக்கட்டும்.

2. உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் ஒரு தடவை நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு வேலை செய்கிறதா? அதில் இருப்பது இப்போதைய போன் நம்பர்தானா? இல்லை என்றால் இப்போதே மாற்றுங்கள்.

3. கடிதம், கணக்கு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுங்கள். எடுத்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

4. பழைய கம்ப்யூட்டரில் ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’ என்று போய் ‘ஆபீசை’ ‘அன்இன்ஸ்டால்’ செய்யுங்கள். இதுதான் பழைய வீட்டைக் காலி செய்வது.

5. புதுக் கம்ப்யூட்டரில் சோதனைக்காக வேறு ‘ஆபீஸ்’ போட்டு வந்திருக்கலாம். அது சில நாள் வேலை செய்துவிட்டுப் பணம் கேட்கும். அதை முதலில் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எது நம்முடையது என்று குழப்பம் வரும்.

6. இன்டர்நெட்டில் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்குப் பக்கத்தைத் திறங்கள். ‘சர்வீசஸ் அண்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்ற இடத்தில் நீங்கள் வாங்கியது இருக்கும். ‘இன்ஸ்டால்’ என்பதை அழுத்துங்கள்.

7. போட்டு முடிந்ததும் ‘வேர்டு’ திறந்து அதே கணக்கில் நுழையுங்கள். மறுபடி ‘பைல்’, ‘அக்கவுண்ட்’ போய்ப் பாருங்கள். ‘பிராடக்ட் ஆக்டிவேட்டட்’ என்று வந்தால் வெற்றி!

அப்படி வராமல் தகராறு செய்தால் மைக்ரோசாப்டின் வாடிக்கையாளர் உதவியை நாட வேண்டும். பழைய எந்திரம் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். ரசீதைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

சந்தா வகை என்றால் இன்னும் சுலபம். பழையதில் கணக்கைவிட்டு வெளியே வாருங்கள். புதியதில் ‘ஆபீசைப்’ போட்டு உள்ளே நுழையுங்கள். அவ்வளவுதான்.

பழைய கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை என்றால்? கவலை வேண்டாம். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் 6-வது படியிலிருந்து தொடங்கலாம். நம் பெயரில் கணக்கு இருப்பதன் பலன் இப்போது தெரிகிறது அல்லவா?

‘ஆபீஸ் 2010’ போன்ற பழையவற்றுக்கு இந்தக் கணக்கு முறை இல்லை. சி.டி.யும் அதன் உறையில் ஒட்டிய சாவி எண்ணும்தான் எல்லாம். அந்த உறையைத் தூக்கி எறிந்தவர் எறிந்தவர்தான். ஆனால் ‘ஆபீஸ் 2010’-க்குப் பாதுகாப்பு உதவி 2020 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதைப் புது எந்திரத்தில் போடுவது நல்லது அல்ல.

தமிழ் எழுத்து எங்கே போயிற்று?

‘ஆபீஸ்’ வந்துவிட்டது. பழைய மனு ஒன்றைத் திறக்கிறோம். ஐயோ! தமிழே காணோம். ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடக்கிறது!

பயப்பட வேண்டாம். கடிதம் கெட்டுப்போகவில்லை. அதை அடித்த தமிழ் எழுத்துரு புதுக் கம்ப்யூட்டரில் இல்லை. அவ்வளவுதான்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் உருவத்தை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரியும்.

ஆகவே பழைய கம்ப்யூட்டரை விடுவதற்கு முன் அந்த எழுத்துரு பைல்களையும் நகல் எடுக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய எழுத்துரு என்றால் அதற்கும் லைசென்சு உண்டு. அதையும் விசாரிக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, கடிதங்களை யூனிகோடு முறைக்கு மாற்றி வைப்பது. யூனிகோடில் தமிழுக்கென்று சொந்த இடம் உண்டு. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும். தமிழக அரசு 2010-ம் ஆண்டு யூனிகோடையும் ‘டேஸ் 16’ என்ற முறையையும் தன் தரமாக ஏற்றுக்கொண்டது.

மறந்துபோகும் சாமான்கள் இன்னும் சில உண்டு. ‘அவுட்லுக்’ உபயோகிப்பவர்களின் பழைய கடிதங்கள் ‘பி.எஸ்.டி.’ என்ற பைலில் இருக்கும். அடிக்கடி உபயோகிக்கும் மனு மாதிரிகள் ‘டெம்ப்ளேட்’ போல்டரில் இருக்கும். நாமே சேர்த்த சொற்கள் தனி அகராதிப் பைலில் இருக்கும். இவை ‘டாக்குமெண்ட்ஸ்’ போல்டரில் இல்லாமல் வேறு மூலையில் இருக்கலாம். தேடி எடுக்க வேண்டும்.

மலிவுச் சாவி, ஜாக்கிரதை!

இவ்வளவு தொல்லை எதற்கு? இன்டர்நெட்டில் சில நூறு ரூபாய்க்கு ‘ஆபீஸ்’ சாவி விற்கிறார்களே, வாங்கிவிட்டால் என்ன?

பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் சில நூறுக்கு எப்படிக் கிடைக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இப்படி விற்கப்படும் சாவிகளில் பல, கம்பெனிகளும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்கிய லைசென்சிலிருந்து கசிந்தவை. இன்று திறக்கும். ஒரு சாவியில் பல பேர் நுழைந்தது தெரிந்தால் கம்பெனி பூட்டிவிடும். அப்போது விற்றவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று வரும் சாப்ட்வேர் இன்னும் மோசம். நம் பாஸ்வேர்டைத் திருடும் வேலையும் அதற்குள் ஒளிந்திருக்கலாம். பாங்கிக் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டரில் அதைப் போடலாமா?

சட்டமும் சும்மா இருப்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் 63-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுச் சாப்ட்வேர் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் உபயோகித்தால் 7 நாள் முதல் 3 வருடம் வரை ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்காக உபயோகிக்கவில்லை என்றால் கோர்ட்டு தண்டனையைக் குறைக்க இடம் உண்டு.

அதே சட்டம் நல்லவர்களுக்கு ஒரு வசதியும் தருகிறது. முறைப்படி வாங்கிய சாப்ட்வேர் அழிந்துபோகாமல் இருக்க, பாதுகாப்புக்காக நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அது குற்றம் அல்ல.

பணம் இல்லாதவர்களுக்கு

லைசென்சு எந்திரத்தோடு போய்விட்டது. புதிதாக வாங்கவும் வசதி இல்லை. என்ன செய்வது?

‘லிப்ரே ஆபீஸ்’ என்று ஒன்று இருக்கிறது. 2010-ல் ஆர்வலர்கள் சேர்ந்து தொடங்கிய முயற்சி. வீட்டுக்கும் இலவசம், கடைக்கும் இலவசம். எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம். சாவியும் இல்லை, பூட்டும் இல்லை. ‘வேர்டு’, ‘எக்செல்’ பைல்களைத் திறக்கும். அதிகக் கட்டமும் அலங்காரமும் உள்ள பைல்களில் மட்டும் வரிசை கொஞ்சம் இடம் மாறலாம். சாதாரண மனுவுக்கும் பள்ளிக்கூடப் பாடத்துக்கும் அது போதும்.

‘வேர்டு’, ‘எக்செல்’ ஆகியவற்றை இன்டர்நெட் மூலமாகவே உபயோகிக்கும் இலவச வசதியையும் மைக்ரோசாப்ட் வைத்திருக்கிறது. ஒரு கணக்கு இருந்தால் போதும். ஆனால் எல்லா வசதிகளும் அதில் கிடைக்காது. இன்டர்நெட்டும் வேண்டும்.

பழைய எந்திரத்தை விற்கும் முன்

எல்லாம் மாற்றியாயிற்று. இரண்டு வாரமும் ஆயிற்று. இனிப் பழையதைக் கொடுத்துவிடலாம்.

கொடுப்பதற்கு முன் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியே வாருங்கள். விண்டோஸ் ‘செட்டிங்ஸில்’ ‘ரீசெட்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தேர்ந்தெடுத்து முழுவதையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் குடும்பப் படமும், மகளின் மார்க்குப் பட்டியலும், ஆதார் நகலும் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்விடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

ரேஷன் கார்டு, பட்டா, இன்சூரன்சு பத்திரம் எல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பையில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும்.

அதில் நாலே வரி எழுத வேண்டும். ‘ஆபீசின்’ முழுப் பெயர் என்ன? எந்த இ-மெயில் கணக்கில் இருக்கிறது? அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும் போன் நம்பர் எது? எங்கே, எந்தத் தேதியில் வாங்கியது? ரசீதையும் அதிலேயே ஒட்டி வைத்துவிடலாம். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம். அதை வேறு பத்திரமான இடத்தில் வையுங்கள்.

அடுத்த தடவை மெக்கானிக் வந்து “எந்த இ-மெயில் போடட்டும்?” என்று கேட்டால், “என்னுடையதைப் போடுங்கள்” என்று சொல்லுங்கள். இ-மெயில் இல்லை என்றால் அன்றைக்கே ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஆனாலும் பரவாயில்லை.

கம்ப்யூட்டர் நின்றுபோன பிறகு நாலு பேரை விசாரிப்பதைவிட, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது!